தங்கமேட்டுக்குச் சான்று தேவை

செங்காட்டுவலசு
21-1-2024

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை லோகு எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான், புதிதாகப் பிறந்த எருமைக் கன்று நால்வரும் சுகம். உன் இருமல் நின்றதா? பஞ்சுத் தூசிக்கு முகத்தில் துணி கட்டிக்கொள்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ மில் விடுதியிலிருந்து பேசும் பத்து நிமிடத்தில் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

நம் தோட்டத்துக்கு வடக்கே இருக்கும் மேட்டுக்குக் கோயமுத்தூரிலிருந்து ஒரு கல்லூரிக்காரர்கள் வந்தார்கள். நீயும் நானும் ஒளிந்து விளையாடிய வட்டக் கற்கள் எல்லாம் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய சமாதிகளாம். அதைக் கேட்ட அன்றே அம்மா எனக்குச் சுற்றிப் போட்டாள். உனக்கும் சேர்த்து ஒரு மிளகாய் அதிகம் போட்டாள்.

வந்தவர்களில் சைதன்யா மிஸ் என்று ஒருவர். நம் நூலகத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் மூன்று நாள் வகுப்பு எடுத்தார். "தோண்டறதுக்கு அரசாங்கம் அனுமதி தரணும். எழுதறதுக்கு யாரும் தர வேண்டாம். இந்த மேட்டைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சது எங்களுக்குத் தெரியாது. நீங்களே விக்கிப்பீடியாவில எழுதுங்க" என்றார். பத்தாவது படித்திருக்க வேண்டுமா என்று நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார். "அங்க யாரும் மார்க் ஷீட் கேக்க மாட்டாங்க."

ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது தொண்டை அடைத்துக்கொண்டதே, அதற்குப் பிறகு யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இங்கே என் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆறு வரி எழுதினேன். கீழே என் பெயர் வந்தது. நூலகர் மயிலாத்தாள் அக்கா தினமும் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா கொடுத்த எள்ளுருண்டையை மற்றவர்களுக்கே கொடுத்துத் தீர்த்துவிடாதே.

உன் தங்கை,
லோகப்பிரியா


மில் விடுதி, பெருந்துறை
11-2-2024

அன்பு லோகு,

நலம். இருமல் போன வாரம் நின்று இந்த வாரம் திரும்ப வந்திருக்கிறது. அம்மாவிடம் நின்றதை மட்டும் சொல்.

உன் கடிதத்தை வார்டன் அம்மா பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். அது இங்கே வழக்கம். "உன் தங்கச்சி கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குது" என்றார். எள்ளுருண்டை எங்கே என்றும் கேட்டார்.

எங்கள் அறையில் எட்டுப் பேர். யாரிடமும் போன் கிடையாது. அதனால் நீ எழுதியதை இந்த உலகத்தில் எல்லோரும் பார்க்கலாம், நான் மட்டும் பார்க்க முடியாது. கையால் எழுதி அனுப்பு. கோபிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, "உங்க ஊர்ல சமாதிக்கெல்லாமா கட்டுரை, எங்க ஊர்ல உசுரோட இருக்கறவங்களுக்கே ஒரு வரி இல்லயே" என்கிறாள்.

நீ எழுதுவது எனக்குப் பெருமை. வகுப்பில் வாசிக்க வராத பிள்ளை என்று சொன்னவர்கள் வந்து வாசிக்கட்டும்.

அப்பாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? வரப்பில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று சொல்.

அக்கா,
மோகனப்பிரியா


செங்காட்டுவலசு
10-3-2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அப்பாவின் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறோம். செருப்பு போடுங்கள் என்றால், "காட்டுக்குள்ள போறவனுக்கு என்ன கல்யாண ஜோடனை" என்கிறார்.

நீ கேட்ட கட்டுரை இதோ. இப்போது இருபது வரி இருக்கிறது, தொடக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

'தங்கமேடு என்பது நொய்யல் ஆற்றின் வடகரையில், செங்காட்டுவலசு ஊருக்கு அருகில் உள்ள பெருங்கற்கால ஈமக்காடு ஆகும். இங்கு இருபத்து மூன்று கல்வட்டங்கள் உள்ளன. கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளும் சிவப்புக் கல்மணிகளும் மேற்பரப்பில் கிடைக்கின்றன. ஊர் மக்கள் இவ்விடத்தைத் தங்கமேடு என்று அழைக்கின்றனர்.'

ராமுலு என்று ஒருவர் விக்கியில் பல வருடமாக எழுதுகிறவர். தங்கமேடு என்ற பெயருக்குப் பக்கத்தில் 'சான்று தேவை' என்று சின்னதாகப் போட்டுவிட்டார். கட்டுரைக்குப் பின்னால் பேச்சுப் பக்கம் என்று ஒன்று உண்டு. அங்கே பேச வேண்டாம், எழுதினால் போதும். நான் இந்த ஊர்க்காரி, எனக்குத் தெரியாதா என்று எழுதினேன். "மன்னிக்கவும் லோகப்பிரியா. ஊர்க்காரர் சொல்வது சான்று ஆகாது. அச்சில் வந்திருக்க வேண்டும்" என்று பதில் போட்டார்.

பிறகு ஒரு பத்திரிகைக்காரர் கட்டுரையைப் பார்த்துவிட்டு வந்தார். தங்கமேடு என்ற பெயரை என் கட்டுரையிலிருந்து எடுத்துச் செய்தி போட்டார். அந்தச் செய்தியை நான் சான்றாகக் கொடுத்தேன். சுற்றிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது, ஆனாலும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 'சான்று தேவை' போய்விட்டது. மேடு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் புள்ளியும் வைத்துவிட்டேன். ஜனவரியில் ஒன்பது பேர் பார்த்தார்கள். இந்த மாதம் இதுவரை நானூற்றுப் பத்து பேர்.

அப்பாவிடம் மயிலாத்தாள் அக்காவின் போனில் காட்டினேன். முழுக்கப் படித்தார். பெயரைப் பற்றி ஒன்று சொன்னார். அதை நீ வரும்போது சொல்கிறேன்.

நாலு வேளை சாப்பிடச் சொன்னாள் அம்மா. அவள் சொன்னதை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

லோகு


மில் விடுதி, பெருந்துறை
7-4-2024

அன்பு லோகு,

நான் நலம். வெயிலில் மில்லுக்குள் அடுப்பு மாதிரி இருக்கிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

கட்டுரையைச் சத்தமாக வாசித்தேன். எட்டுப் பேரும் கேட்டார்கள். 'ஈமக்காடு' வந்தபோது ஒருத்தி விளக்கைப் போடச் சொன்னாள்.

இன்னொன்று. அந்தக் கோபிப் பெண்ணின் அண்ணன் அவளைப் பார்க்க வந்தான். அவன் போனில் ஒரு வீடியோ பார்த்தானாம், 'தங்கமேட்டு ரகசியம்' என்று. நீ எழுதிய வரிகளை அப்படியே ஒருவன் படிக்கிறானாம். கடைசியில் "தங்கம்னு பேரு சும்மா வருமா மக்களே" என்று கேட்கிறானாம். லட்சம் பேருக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை. மேட்டுக்கு வெளியாட்கள் வருகிறார்களா?

அப்பா பெயரைப் பற்றி என்ன சொன்னார்? நேரில் சொல்கிறேன் என்றால் எனக்குத் தூக்கம் வராது என்று உனக்குத் தெரியும்.

மாரியம்மன் நோம்பிக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்காது போலிருக்கிறது.

மோகனா


செங்காட்டுவலசு
28-4-2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் தலைவலி.

செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டுவிட்டார்கள். அப்பா முட்டி வலியை மறந்து தினமும் பொழுது சாய்ந்ததும் கம்பத்தைச் சுற்றி ஆடிவிட்டு வருகிறார். மறுநாள் காலையில் முட்டி அவரை மறப்பதில்லை. அடுத்த மாதம் எட்டாம் தேதி, புதன்கிழமை கோயிலில் பொங்கல்.

நீ கேட்டது போல ஆட்கள் வருகிறார்கள். வியாழக்கிழமை ஒரு வெள்ளை வேன் வந்தது. நான் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் கண்ணாடியை இறக்கி, "ஏம்மா, தங்கம் கெடைக்கற மேடு எதும்மா" என்று கேட்டார். நான் வாளியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு வட்டத்துக்குள் முழங்கால் ஆழம் தோண்டியிருந்தது. உடைந்த பானை வெளியே கிடந்தது. எலும்புத் துண்டுகளும் கிடந்தன. அதை நான் கையால் எடுத்து உள்ளேயே போட்டு மண் தள்ளிவிட்டேன்.

வரைபடப் புள்ளியை எடுத்துவிட்டேன். ஆனால் வீடியோவில் வழி காட்டியிருக்கிறார்கள். மிஸ்ஸுக்கு எழுதினேன். அதிகாரிகளிடம் மனு கொடுத்திருக்கிறாராம், நோம்பி முடிந்ததும் வந்து பார்ப்பார்களாம். அப்பாவிடமும் சொன்னேன். "அடுத்த தடவை வேன் வந்தா என்கிட்டச் சொல்லு கண்ணு, நீ அக்கட்டப் போகாத" என்றார்.

அம்மா கூப்பிடுகிறாள். இதோடு நிறுத்துகிறேன். உன் இருமலைப் பற்றி நீ எழுதவே இல்லை.

லோகு


மில் விடுதி, பெருந்துறை
26-5-2024

லோகு,

வந்து சேர்ந்தேன். அம்மா சாப்பிடுகிறாளா?

பதினாறு நாள் வீட்டில் இருந்தேன். நீ என்னோடு தனியாக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பக்கத்தில் வந்து படுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். சாவு வீட்டில் எல்லோரும் அழுதார்கள், நீ பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாய். கழுவியதையே திரும்பக் கழுவினாய்.

இங்கே நான் வருவதற்கு முன்பே பேப்பர் வந்துவிட்டது. 'தங்கமேட்டில் புதையல் தோண்டிய விவசாயி பலி. கூட்டாளிகள் தப்பி ஓட்டம்.' அப்பாவின் பெயர், வயது ஐம்பத்திரண்டு, ஊர், எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறார்கள். சமாதிக் குழிக்குள் பலகைக் கல் சரிந்து அதனடியில் கிடந்தார், கையருகே அவருடைய கடப்பாரை இருந்தது, பொங்கல் அன்று ஊரே கோயிலில் இருந்தபோது ஒருவருக்கும் தெரியாமல் நழுவிப் போனார் என்று எழுதியிருக்கிறது. சாப்பாட்டு வரிசையில் ஒருத்தி என்னைப் பார்த்து, "எங்களுக்கும் ரெண்டு காசு கொண்டாந்தியா" என்று கேட்டாள். நான் தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்பா அடுத்தவர் காட்டில் விழுந்த தேங்காயை எடுத்துப் போய் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வருகிறவர். அவர் புதையல் தோண்டினார் என்று நான் நம்ப மாட்டேன்.

ஆனால் கம்பத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர் பட்டப்பகலில் எதற்கு மேட்டுக்குப் போனார்? உனக்குத் தெரியுமா? தெரிந்ததை எழுது.

மோகனா


செங்காட்டுவலசு
30-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மா ஒரு வேளை சாப்பிடுகிறாள். எருமை பால் குறைத்துவிட்டது. அப்பா விதைக்க வைத்திருந்த எள்ளை மாமா வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். மழை இல்லை.

கட்டுரையில் 'புதையல் தோண்டல்' என்று ஒரு பகுதியை யாரோ சேர்த்திருக்கிறார்கள். '2024 மே 8 அன்று, இங்கு சட்டவிரோதமாகப் புதையல் தோண்டிய பொங்கியண்ணன் கல் சரிந்து உயிரிழந்தார்' என்று. பக்கத்தில் பத்திரிகைச் செய்தியைச் சான்றாகக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் அதை எடுத்துவிட்டேன். ராமுலு திரும்ப வைத்தார். மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவை வைத்தார். சான்றுள்ள வரியைக் காரணம் சொல்லாமல் நீக்கினால் என் கணக்கை முடக்க வேண்டியிருக்கும் என்று எச்சரிக்கை வந்தது. பேச்சுப் பக்கத்தில், அவர் என் அப்பா, அவர் தோண்டவில்லை என்று எழுதினேன்.

மறுநாள் அவர் பதில் வந்தது. "ஆழ்ந்த இரங்கல் லோகப்பிரியா. இந்தக் கட்டுரையைத் தொடங்கியவர் நீங்கள் என்பதால் எனக்கு இன்னும் கடினமாக இருக்கிறது. நான் இருப்பது கோயமுத்தூரில். அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அச்சில் வந்ததை மட்டுமே நான் பார்க்க முடியும். வேறு விதமாக நடந்தது என்று சொல்லும் சான்று ஒன்று, காவல்துறை அறிக்கையோ செய்தியோ, கிடைத்தால் அந்த நிமிடமே மாற்றுகிறேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும்.

ஊரில் நம் வீட்டைப் 'புதையல் வீடு' என்கிறார்கள். அம்மா தண்ணீருக்கு விடிவதற்குள் போய்விட்டு வந்துவிடுகிறாள்.

நீ வெந்நீர் குடி.

லோகு


மில் விடுதி, பெருந்துறை
21-7-2024

லோகு,

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது எள்ளும் எருமையும்.

போன ஞாயிறு அம்மாவிடம் பேசினேன். பொங்கல் அன்று நீ வீட்டிலேயே இருந்ததாகத்தான் போலீசிடமும் சொன்னாய், எங்களிடமும் சொன்னாய். கோயில் வாசலில் பொரி விற்றவர் உன்னைப் பார்த்ததாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நீ வந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாயாம்.

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. நீ விசாரிக்க வேண்டாம். பதில் மட்டும் எழுது.

மோகனா


செங்காட்டுவலசு
25-8-2024

அக்கா,

ஒரு மாதமாகத் தினமும் இந்தக் கடிதத்தைத் தொடங்கிக் கிழித்தேன். வார்டன் படிப்பார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். படிக்கட்டும்.

அன்று எல்லோரும் பொங்கல் வைக்கப் போனார்கள். கூட்டத்துக்கு நான் போவதில்லை என்று உனக்குத் தெரியும். பதினொரு மணிக்கு மாட்டுச் சாளை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளை வேன் மேட்டடியில் நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். நான் கோயிலுக்கு ஓடினேன்.

கோயில் வாசலில் இருநூறு பேர் இருந்தார்கள். மேளம் நின்று, அப்போதுதான் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே நின்று ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறந்தேன். பொரி விற்றவர் திரும்பிப் பார்த்தார், அடுத்து எல்லோரும் திரும்பப் போகிறார்கள் என்று தோன்றியது. வரவில்லை அக்கா. அப்பாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய், அவர் காதில் மட்டும் சொன்னேன்.

"எத்தன பேரு?" என்றார்.

"நாலு பேருங்கப்பா."

"நாலு பேர்தான? நோம்பியக் கலைச்சுப் போட வேண்டாம். நான் போய் வெரட்டிப்போட்டு வாரேன். நீ ஊட்டுக்குப் போ கண்ணு."

வழியில் சாளைக்குள் போய்க் கடப்பாரையை எடுத்தார். "சும்மா கையில இருக்கட்டும்" என்றார். நான் அவர் சொன்னபடி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வேன் போகிற சத்தம் கேட்டது. சரி, விரட்டிவிட்டார் என்று நினைத்து அவருக்கு மோர் கலந்து வைத்தேன். மதியம் மூன்று மணிக்குத்தான் ஆடு மேய்க்கப் போனவர்கள் பார்த்தார்கள்.

அவர்கள் தள்ளிவிட்டார்களா, தோண்டிய இடத்தில் கல் தானாகச் சாய்ந்ததா, எனக்குத் தெரியாது. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். போலீஸ்காரர் "உங்கப்பா எதுக்கும்மா அங்க போனாரு" என்று கேட்டபோது வீடு நிறைய ஆட்கள் நின்றார்கள். தெரியாதுங்க என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் தடுக்காமல் வந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. பெயரைப் பற்றி அப்பா சொன்னது. மார்ச் மாதம் கட்டுரையைப் படித்துவிட்டு, "தங்கமேடுன்னு போடாத கண்ணு. அது தங்கல்மேடு. அந்தக் காலத்துல வண்டிக்காரங்க மாட்டை அவுத்துக் கட்டித் தங்கிப்போன எடம். சொல்லிச் சொல்லி நடுவுல ஒரு எழுத்து தேஞ்சு போச்சு. தங்கமும் இல்ல, தகரமும் இல்ல" என்றார். எனக்கு அது சரி என்றே பட்டது. ஆனால் தங்கல்மேடு என்றால் யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அப்போது தினமும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஊரே தங்கமேடு என்றுதான் சொல்கிறது, பேப்பரிலும் வந்துவிட்டது, உங்கள் பேச்சுக்குச் சான்று இல்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "செரி, படிச்ச பிள்ளை சொன்னாச் செரி" என்றார். என்னைப் படித்த பிள்ளை என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது.

லோகு


மில் விடுதி, பெருந்துறை
15-9-2024

லோகு,

உன் கடிதம் பத்து நாளாக என் தலையணை உறைக்குள் இருக்கிறது. வார்டன் அம்மா கவரை ஒட்டியே கொடுத்தார். பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டியது பசையில் தெரிந்தது. அன்று எனக்கு இரவு ஷிப்ட் போடவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். பரவாயில்லை என்று எழுதவும் கை வரவில்லை. கொஞ்ச நாள் போகட்டும்.

ஆனால் அப்பா திருடன் என்று எழுதி வைத்திருப்பதை நான் போய் மாற்ற முடியாது. அம்மாவால் முடியாது. அந்த ராமுலுவாலும் முடியாது. அப்பா எதற்கு அங்கே போனார் என்று தெரிந்த ஆள் நீ ஒருத்திதான். ஸ்டேஷனுக்குப் போ. போலீசிடம் சொல், பத்திரிகைக்காரரிடமும் சொல். எழுதிக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், கேட்பார்கள். நீ பேசித்தான் ஆக வேண்டும்.

அதற்கு முன்னால் அம்மாவிடம் சொல். அடுத்தவர் வாயால் அவள் கேட்கக் கூடாது.

லீவு கேட்டேன், தீபாவளிக்குத்தான் என்றார்கள். அதுவரை காத்திருக்காதே.

சாப்பிடு.

அக்கா


செங்காட்டுவலசு
20-10-2024

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். கடைசியில், "இருநூறு பேரு இருந்தாங்களே அம்மணி. அத்தன பேரும் ஒட்டுக்காப் போயிருப்பாங்களே" என்றாள். அவ்வளவுதான். மிச்சக் காயையும் ஆய்ந்து முடித்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், தலை பின்னி விடுகிறாள், பேசவில்லை.

செப்டம்பர் கடைசியில் மயிலாத்தாள் அக்கா என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். எழுத்தர், "சொல்லும்மா" என்றார். என்னால் முடியவில்லை. ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போயிருந்தேன், நீட்டினேன். "பேப்பரு வேண்டாம். நீ சொல்லு, நான் எழுதிக்கறேன்" என்றார். ஒருவர் சிரித்தார். "அப்பன் செத்து அஞ்சு மாசம் கழிச்சு நெனப்பு வந்துச்சாக்கும்" என்றார் இன்னொருவர். மயிலாத்தாள் அக்கா, "ஏனுங்க, கொளந்த பேசறதுக்கு நேரம் ஆகுமுங்க. ஆகட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பத்து மணிக்குப் போனோம். ஒரு மணிக்கு முடிந்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று நான்கு தடவை தொடங்கினேன். எழுத்தர் இரண்டு தடவை எழுந்து டீ குடித்துவிட்டு வந்தார். வேனின் நிறத்தைச் சொன்னேன். கடப்பாரையைச் சொன்னேன். முன்னால் தெரியாது என்று சொன்னது பொய் என்று சொன்னேன். "ஏன் கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டார். கூச்சமாக இருந்தது என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.

வேன்காரர்கள் இன்னும் அகப்படவில்லை. அகப்படுவார்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை.

பத்திரிகைக்காரர் வந்து கேட்டார். அவரிடமும் சொன்னேன். ஸ்டேஷனிலும் விசாரித்துவிட்டுப் போன வாரம் எட்டாம் பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தார். சொந்தக்காரர்கள் அதைக் கட்டுரையில் சேர்ப்பது முறை இல்லை என்பதால் பேச்சுப் பக்கத்தில் இணைப்பை மட்டும் கொடுத்தேன். ராமுலு சொன்னபடி அன்றைக்கே மாற்றிவிட்டார். 'நன்றி' என்று எழுதினார். பழைய வரி 'வரலாறு' என்ற பக்கத்தில் எப்போதும் இருக்குமாம். தேடிப் போகிறவர்கள் பார்ப்பார்கள்.

மயிலாத்தாள் அக்கா கட்டுரையை அச்செடுத்துக் கொடுத்தார். நேற்று அதை அம்மாவின் முன்னால் வைத்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெரியாது. நான் வாசித்தேன்.

'2024 மே 8 அன்று, இங்கு அத்துமீறித் தோண்டிய நபர்களைத் தடுக்கச் சென்ற செங்காட்டுவலசைச் சேர்ந்த விவசாயி பொங்கியண்ணன், கல் சரிந்து உயிரிழந்தார். அவர் புதையல் தோண்டியதாக முதலில் வெளியான செய்தியை அவரது மகள் மறுத்துள்ளார். நபர்கள் வந்த தகவலைத் தந்தையிடம் மட்டும் தெரிவித்ததாகக் காவல்துறையிடம் அவர் கூறியுள்ளார்.'

"இன்னொருக்கா வாசி" என்றாள். ஒரு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. வாசித்தேன். தலையைக் குனிந்து கேட்டாள். பிறகு, "மட்டும்னு வருதே, அந்த ஒண்ணை எடுத்துப்போட முடியாதா?" என்று கேட்டாள்.

"முடியாதுங்கம்மா" என்றேன். "அது நான் சொன்னதுங்க."

உன் தங்கை,
லோகப்பிரியா